தாய்லாந்தில் ஓய்வுக்காலம்: 8 லட்சம் பாட் போதுமா?

ஐயா, லண்டனில் வேலையை முடித்துக்கொண்டு சியாங் மாயில் குடியேற 8 லட்சம் பாட் சேர்த்துவிட்டேன், போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது செலவுக்கான பணமே அல்ல. ஓய்வு விசாவை நீட்டிக்க, விண்ணப்பிக்கும் முன் 2 மாதமும் கிடைத்த பின் 3 மாதமும் அது முழுதாக வங்கியில் கிடக்க வேண்டும். மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. கண்ணால் பார்க்கலாம், கைவைக்க முடியாது.

இதைவிடப் பெரிய இடி பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம். தாய்லாந்தில் வசிப்பவருக்கு ஆண்டு உயர்வு கிடையாது. முதலில் வாங்கிய தொகைதான் 85 வயதிலும் வரும். பிலிப்பைன்ஸில் இருந்தால் உயரும்! என்ன கணக்கோ. எனவே இன்றைய தொகையை வைத்து 85 வயதுச் செலவைப் போட்டுப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். 70 தாண்டினால் புதிதாகத் தரத் தயங்குவார்கள்.