சீஸ் கிராக்கரில் முதலில் குறைக்க வேண்டியது உப்பு

"பிள்ளைகள் எப்போதும் சீஸ் கிராக்கர் கேட்கிறார்கள். மைதா இல்லாமல் ஆரோக்கியமாக வீட்டிலேயே செய்ய வழி உண்டா?" என்பது கேள்வி.

உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு வாண்டுகளும் பிபி மாத்திரை போடும் மாமனாரும் ஒரே டப்பாவில் கையை விட்டு எடுக்கிறவர்கள். அதனால் இந்த மொறுமொறு சீஸ் பிஸ்கட்டை ரொம்பவே நோண்டிப் பார்த்திருக்கிறேன்.

கலோரி குறையும் என்று நினைத்து மட்டும் இதில் இறங்காதீர்கள். சீஸ், மாவு, வெண்ணெய் மூன்றும் சேர்ந்தால் கடையில் வாங்கினாலும் வீட்டில் செய்தாலும் 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டித்தான் நிற்கும். கடைப் பண்டத்தின் பாமாயிலை விட்டு வெண்ணெய்க்கு வந்ததாலும் பெரிய புண்ணியம் ஒன்றும் இல்லை, இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. உப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம், நார்ச்சத்தைக் கூட்டலாம், சீஸ் பவுடருக்குப் பதில் நிஜ சீஸைத் தாராளமாகப் போடலாம். பெரும்பாலோர் மைதாவை எடுத்துவிட்டுக் கோதுமை மாவு போட்டதோடு வேலை முடிந்தது என்று நின்றுவிடுகிறார்கள். நான் முதலில் கை வைப்பது உப்பில்தான்.

பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடியம் கணக்கில் அது 2000 மில்லிகிராம். குழந்தைகளுக்கு அதற்கும் கீழே. செடார் சீஸ் 100 கிராமில் ஏறக்குறைய 650 மில்லிகிராம் சோடியம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதாவது மாவுக்கு உப்பே போட வேண்டாம், சீஸே உப்பைக் கொண்டுவந்துவிடும். ஆனால் நம் கடைகளில் சீஸ் என்று கேட்டால் கையில் கொடுப்பது கியூப், ஸ்லைஸ் வகையறா. அது ப்ராசஸ்ட் சீஸ், அதாவது சீஸை உருக்கி மறுபடி வார்த்தது. அதில் சோடியம் செடாரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருக்கும்போது கொழுப்பு பிரிந்து ஓடாமலிருக்க சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் சேர்ப்பார்கள். அட்டையில் 331, 339 என்று எண் போட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிற மாதிரி அது விஷமெல்லாம் இல்லை. ஆனால் பெயரிலேயே சோடியம் இருக்கிறதே.

இன்னொரு ஒளிவிடம் சமையல் சோடா. மொறுமொறுப்புக்கு ஒரு சிட்டிகை என்று எல்லா வீடியோவிலும் போடுகிறார்கள். கால் தேக்கரண்டி சோடாவில் 300 மில்லிகிராமுக்குமேல் சோடியம் இருக்கிறது. நாம் செய்யப்போகிற மொத்த அளவுக்கும் சீஸிலிருந்து வருவதே 650தான். பாதியளவு கூடுதல் சோடியத்தைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடுகிறோம். மெல்லியதாகத் தேய்த்தால் சோடா இல்லாமலே மொறுமொறுவென்று வரும்.

என் அளவு இது: செடார் 100 கிராம், கோதுமை மாவு 80 கிராம், கடலை மாவு 20 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், எள் ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் அரை தேக்கரண்டி, கடுகுப்பொடி கால் தேக்கரண்டி. கடுகுப்பொடியைத் தயவுசெய்து விடாதீர்கள். தனியாகத் தெரியாது, ஆனால் சீஸின் சுவையைத் தூக்கிக் கொடுக்கும், உப்பு இல்லையே என்ற நினைப்பே வராது. செடாரிலும் நன்றாக முதிர்ந்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். முதிர முதிரச் சுவை ஏறும், 80 கிராமே போதும். மொசரெல்லாவில் உப்பு குறைவுதான், ஆனால் ஈரம் அதிகம், ருசி மந்தம், கிராக்கர் சவசவ என்று ஆகிவிடும். பன்னீர் இதற்கு வேண்டவே வேண்டாம். அது உருகாது.

சீஸைக் கட்டியாக வாங்கி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக, இல்லை, குளிரோடு குளிராகவே துருவுங்கள். துருவியின் சின்னக் கண்ணில் துருவினால் மாவில் சமமாகப் பரவும், பெரிய கண்ணில் துருவினால் அங்கங்கே உருகிக் கருகும். மாவு வகைகளையும் பொடிகளையும் கலந்து, குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்துப் புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, சீஸையும் எள்ளையும் சேர்த்து, ஐஸ் தண்ணீரை ஒரு கரண்டி ஒரு கரண்டியாகத் தெளியுங்கள். இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்குமேல் தேவைப்படாது. சப்பாத்திக்குப் பிசைகிற வேகத்தைக் காட்டக் கூடாது. அழுத்திப் பிசைந்தால் குளூட்டன் என்கிற கோதுமையின் பசைப் புரதம் இழுவை கட்டி, கிராக்கர் கடிக்க முடியாமல் போகும். உருண்டையாகச் சேர்ந்ததும் நிறுத்திவிட்டு மூடி அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோதுமைத் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அந்த அரைமணியைக் கொடுக்காவிட்டால் தேய்க்கும்போது ஓரமெல்லாம் வெடிக்கும்.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். பேப்பர் இருந்தால் தூவு மாவு வேண்டியதில்லை. நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் விட்டால் ஓரம் கருகும், நடு மெத்தென்று நிற்கும். பீட்சா கட்டராலோ கத்தியாலோ ஒரு அங்குலச் சதுரங்களாகக் கீறி, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் குத்துங்கள். தட்டைக்குக் குத்துகிற அதே காரணம்தான், ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் பூரியாக உப்பும். அப்படியே பேப்பரோடு தட்டில் ஏற்றி, முன்பே சூடான ஓடிஜியில் (வீட்டில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) 170 டிகிரியில் 14 முதல் 16 நிமிடம். பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள், பல ஓடிஜிகளில் பின்பக்கம் சூடு அதிகம். ஓரம் பொன்னிறமானதும் அடுப்பை அணைத்துக் கதவை லேசாகத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். மொறுமொறுப்பு என்பது ஈரம் போவதுதான், அந்தப் பத்து நிமிடத்தில் மிச்ச ஈரமும் போகும். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் சீஸ் கருகிக் கசக்கும்.

30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, உத்தேசமாக 150லிருந்து 160 கலோரி, 6 கிராம் புரதம், 100 மில்லிகிராம் சோடியம். உங்கள் பிள்ளைகள் விரும்பும் கடைப் பாக்கெட்டின் பின்பக்கத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே பொருட்களின் பட்டியலையும் பாருங்கள். எடையில் அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் மல்டிகிரெயின் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பின்பக்கம் முதல் பெயர் மைதாவாக இருக்கும். சீஸ் கடைசி வரிசையில் எங்கோ ஒளிந்திருக்கும்.

கேழ்வரகு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், சுண்ணாம்புச்சத்து நல்லது. ஆனால் அதில் குளூட்டன் இல்லாததால் மொத்த மாவில் கால் பங்குக்குமேல் போனால் தேய்க்கும்போதே உடையும். கடலை மாவை எடுத்துவிட்டு அந்த 20 கிராமைக் கேழ்வரகாக மாற்றுவது பத்திரமான வழி. நிறம் கறுக்கும், வெந்ததா கருகியதா என்று கண்ணால் சொல்ல முடியாது, நிமிடத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் சின்னவனுக்கு அந்த நிறம் பிடிக்காது, மாமனாருக்கு அதுதான் பிடிக்கும்.

ஓவன் இல்லாதவர்கள் குஜராத்திகளின் காக்ரா, அதாவது மொறுமொறு சப்பாத்தி, வழியைப் பிடிக்கலாம். இதே மாவை அப்பளத்தைவிடக் கொஞ்சம் கனமாக வட்டமாகத் தேய்த்து, தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் போட்டு, மடித்த துணியால் விடாமல் அழுத்தித் திருப்பித் திருப்பி வாட்டுங்கள். சீஸ் கல்லில் கொஞ்சம் ஒட்டப் பார்க்கும், அதனால் இந்த முறைக்கு சீஸை 60 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், நான்ஸ்டிக் கல் இருந்தால் நல்லது. ஆறியதும் கையால் உடைத்துக்கொள்ளலாம். பெட்டியில் விற்கிற அழகு இதில் வராது, ருசி வரும்.

முழுக்க ஆறாமல் டப்பாவில் போடாதீர்கள். சென்னை மாதிரி கசகசப்பான ஊரில் எவர்சில்வர் டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தாலும் நான்கைந்து நாளில் நமுத்துவிடும். 120 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் காட்டினால் திரும்ப மொறுமொறுப்பாகும். நான் ஒரேயடியாகச் சுடுவதில்லை. பிசைந்த மாவில் பாதியைத் தேய்த்துப் பேப்பரோடு ஃப்ரீசரில் வைத்துவிடுவேன், வேண்டும்போது நேராக ஓவனுக்குப் போகும், இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். டிபன் டப்பாவில் ஒரு கைப்பிடி கிராக்கர், பக்கத்தில் கொய்யாவோ வெள்ளரியோ வைத்து அனுப்புங்கள். பெரிய டப்பாவை டிவி முன்னால் வைத்தால் என் மாமனாரையே கட்டுப்படுத்த முடியாது.