வாலில் இருக்கும் எண்ணை உடனே நம்பாதீர்கள்: ராணுவ ஹெலிகாப்டர் வரலாறு, உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பழைய ராணுவ ஹெலிகாப்டர்களின் வரலாற்றைத் தேடிப் பிடிப்பது பற்றிச் சில மாதங்களாக வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே தடவையில் பதில் சொல்கிறேன். பாதிக்கு மேல் வியட்நாம் போரில் பறந்த பெல் நிறுவனத்தின் ஹ்யூயி பற்றித்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: டெக்சாஸில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ஒரு ஹ்யூயி வந்திருக்கிறது, வாலில் எண் தெளிவாக இருக்கிறது. அதைக் கொண்டே தேட ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஆனால் அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிவிடாதீர்கள். ஹ்யூயியின் வால் தண்டு முழுவதும் நான்கே நான்கு போல்ட்டில் உடலோடு நிற்கிறது. போர்க்களத்தில் ஒன்றுக்கு வால் உடைந்தால், நொறுங்கிக் கிடக்கும் இன்னொன்றின் வாலைக் கழற்றி மாட்டிவிட்டுப் பறக்க விடுவார்கள். எண் வாலில் இருக்கிறது, வால் வேறு ஒன்றின் வால்! ஒரு தடவை வால் எண்ணை வைத்து மூன்று வாரம் காகிதம் புரட்டிய பிறகு, உடலில் இருந்த தகடு வேறு எண்ணைக் காட்டியது. அந்த மூன்று வாரமும் நான் வாலின் வரலாற்றைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதனால் முதல் வேலை, உடற்பகுதியில் ரிவெட் அடித்து வைத்திருக்கும் சிறிய உலோகத் தகட்டைத் தேடுவது. அதில் ராணுவ எண்ணும் இருக்கும், பெல் தொழிற்சாலை கொடுத்த வரிசை எண்ணும் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றை ஒன்று சரிபார்க்க உதவும். தகட்டைச் சுற்றி இருக்கும் ரிவெட்டுகளையும் பாருங்கள். மற்ற ரிவெட்டுகளைவிடப் புதிதாகத் தெரிந்தாலோ, தலை வேறு மாதிரி இருந்தாலோ, அந்தத் தகடு இன்னொரு உடலிலிருந்து வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைக் குறித்து வையுங்கள். எழுத்து தேய்ந்து போயிருந்தால் கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். சின்ன வயதில் நாணயத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுப்போமே, அதே மாதிரி மெல்லிய காகிதத்தில் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இலக்கம்கூடக் காகிதத்தில் வந்து விழும்.

கேள்வி: எண் 65 என்று தொடங்கினால் 1965-இல் செய்ததா?

இல்லை. அது ஆர்டர் கொடுத்த நிதியாண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்க நிதியாண்டு ஜூலையில் தொடங்கும், அதாவது 1965 நிதியாண்டு என்பது 1964 ஜூலை முதல் 1965 ஜூன் வரை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வர அதற்கு மேலும் பல மாதம் ஆகும். இன்னொன்று, வாலில் பெரும்பாலும் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள். 65-10126 என்பது 510126 ஆகிவிடும். இது தெரியாமல் தேடினால் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

கேள்வி: எங்களுடையது யூஎச்-1டி என்று ஒருவர் சொல்கிறார், யூஎச்-1எச் என்று இன்னொருவர். எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். யூஎச்-1 என்பது ஹ்யூயியின் ராணுவப் பெயர், டி, எச் என்பவை அதன் ரகங்கள். டி ரகமாகச் செய்ததில் நிறைய பிறகு எச் ஆக மாற்றப்பட்டன. முக்கிய வித்தியாசம் என்ஜின்: 1,100 குதிரைத்திறன் டி53-எல்-11 போய் 1,400 குதிரைத்திறன் எல்-13 வந்தது. பலகையில் "டி ரகமாகத் தயாராகி, பின்னர் எச் ஆக மாற்றப்பட்டது" என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: எந்தப் படைப்பிரிவில், எப்போது இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வியட்நாம் ஹெலிகாப்டர் பைலட்டுகள் சங்கம் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. பறந்தவர்களே உட்கார்ந்து தொகுத்தது. அந்தச் சங்கத்தின் கணக்கில் வியட்நாமுக்குப் போன ஹெலிகாப்டர்கள் 11,827, அதில் அழிந்தவை 5,086. உங்களிடம் ஒன்று முழுசாக வந்து சேர்ந்திருப்பதே பெரிய விஷயம் என்பது இந்த எண்களைப் பார்த்தால் புரியும்.

அதில் 'கோல்டு புக்' என்று அவர்கள் சொல்லும் ராணுவப் பதிவு மாதவாரியாக இருக்கும்: எந்தப் பிரிவிடம் இருந்தது, அந்த மாதம் எத்தனை மணி நேரம் பறந்தது. மணி நேரத்தை மட்டும் மேலிருந்து கீழே ஓட விட்டுப் பாருங்கள். எண்பது, தொண்ணூறு என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று பூஜ்யமாகி, அடுத்த மாதம் பிரிவின் பெயரும் மாறி, பழுதுபார்க்கும் இடத்தின் பெயர் வந்தால் ஏதோ நடந்திருக்கிறது. அந்த மாதத்தைக் குறித்துக்கொண்டு, மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், 472-ஆம் பதிவுத் தொகுதியில், அந்தப் பிரிவின் தினக் குறிப்புகளைக் கேளுங்கள். அப்புறம், ஹெலிகாப்டரோடு கூடவே 2408 வரிசைப் படிவங்கள் ஏதாவது வந்ததா என்று கொடுத்தவரிடம் விடாமல் கேளுங்கள். 2408-15 என்பது அந்த வண்டியின் ஜாதகம் மாதிரி. இடம்மாற்றம், பெரிய பழுது, மொத்த மணிநேரம் எல்லாம் அதில் ஏறும். பழைய இரும்பு அலமாரியில், இருக்கைக்கு அடியில், யார் வீட்டு கேரேஜிலோ கிடக்கும்.

ஸ்மித்சோனியனின் தேசிய விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் 65-10126-ஐப் பாருங்கள். 1966 முதல் 1970 வரை நான்கு சுற்றுப் பணி, 2,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தது என்று சொல்ல முடிகிறது. 'ஸ்மோக்கி' என்ற பெயருக்கும் காரணம் இருக்கிறது. புகை போடுவதற்கென்றே சில ஹ்யூயிகள் இருந்தன, என்ஜின் வெப்பக் காற்றில் எண்ணெயைப் பீய்ச்சிப் புகைத்திரை போட்டபடி தாழ்வாகப் பறக்கும், அதன் மறைவில் வீரர்கள் இறங்குவார்கள். எதிரி துப்பாக்கிக்கு முன்னால் வேண்டுமென்றே போய் நிற்கிற வேலை. காகிதம் இருந்ததால்தான் இதையெல்லாம் பார்வையாளரிடம் சொல்ல முடிகிறது.

கேள்வி: ஒரு முதியவர் வந்து "இதைத்தான் நான் ஓட்டினேன்" என்று கண்கலங்கினார். ஆதாரம் எதுவும் இல்லை. என்ன செய்வது?

முதலில் அவரை உட்கார வைத்து, அவர் சொல்வதை முழுவதும் பதிவு செய்யுங்கள். அது எந்த வண்டியைப் பற்றியதாக இருந்தாலும் மதிப்புள்ளது. பிறகு மென்மையாகக் கேளுங்கள்: எந்தப் பிரிவு, எந்த மாதங்கள், வீட்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறதா, ஸ்லைடு படங்கள் இருக்கின்றனவா. கோடாக் கழுவிக் கொடுத்த ஸ்லைடுகளின் அட்டை ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது கழுவிய மாதம், எடுத்தது அதற்கு முன்னால் என்பதை மறக்காதீர்கள். அந்தப் படத்தில் ஒரு வால் எண் தெரிந்து, கோல்டு புக்கில் அதே மாதம் அதே பிரிவோடு பொருந்தினால் போதும், நம்பலாம். பொருந்தாவிட்டால் அவர் பொய் சொன்னார் என்று அர்த்தம் இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரே மாதிரி பத்துப் பதினைந்து ஹ்யூயிகள் வரிசையாக நின்ற இடத்திலிருந்து வந்த நினைவு அது. "இந்த ரகத்தை ஓட்டியவர்" என்று எழுதி அவர் படத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: உடலில் நிறைய ஒட்டுத் தகடுகள். குண்டு பட்ட தழும்பு என்று எழுதலாமா?

எல்லாவற்றையும் அப்படி எழுதாதீர்கள். விரிசலுக்கும் துருவுக்கும்கூட ஒட்டுப் போடுவார்கள். உள்பக்கம் போய்ப் பாருங்கள். ஒட்டுக்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒரு ஒட்டு, இரண்டையும் ஒரு குச்சியால் இணைத்தால் நடுவில் இருக்கும் சட்டத்திலும் காயம் என்றால், அது குண்டு போன பாதை.

புதுப் பெயின்ட் அடிக்கும் அவசரம் எல்லா இடத்திலும் இருக்கிறது, தயவுசெய்து பொறுங்கள். கதவிலும் மூக்கிலும் உள்ளங்கை அளவு இடத்தில், நீரில் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாளால் நனைத்து நனைத்து, ஒவ்வொரு படலமாகத் தேயுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். அப்படி ஒரு கதவில் பச்சைக்கு அடியில் மஞ்சள், அதற்கடியில் பாதிச் சின்னம் ஒன்று மெல்ல மேலே வந்ததைப் பார்த்தபோது அறையில் யாரும் பேசவில்லை. அந்தச் சின்னத்தை வைத்துத்தான் பிரிவை உறுதி செய்தோம்.

இங்கிலாந்தில் யோவில்ட்டன் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கும் 'ஹம்ஃப்ரி' என்ற வெஸ்ஸெக்ஸ் ரக ஹெலிகாப்டர், எண் எக்ஸ்பி142, இதற்கு நல்ல பாடம். 1982 ஃபாக்லாந்து போரில் தெற்கு ஜார்ஜியாவின் பனிப்பாறையில் சிக்கியவர்களை ஏற்றி வந்தது, அர்ஜென்டினாவின் சான்டா ஃபே நீர்மூழ்கியைத் தாக்கியது, பிறகு தானும் குண்டுச் சில்லுகளால் காயப்பட்டது. அந்தத் தடங்களை அழகுக்காக மூடிவிடவில்லை.

கேள்வி: நாற்பது வருடம் பறந்து, பாதிப் பாகம் மாறிய ஹெலிகாப்டர் அதே ஹெலிகாப்டர்தானா?

பதிவு அறுபடாமல் தொடர்ந்தால் அதேதான் என்பது என் கருத்து. பிரிட்டனின் சினூக் ரக ஹெலிகாப்டர் ஜெட்ஏ718-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 'பிராவோ நவம்பர்' என்று பெயர் பெற்றது. 1982 மே 25 அன்று ஃபாக்லாந்து போரில் அட்லாண்டிக் கன்வேயர் கப்பலை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியபோது வானில் இருந்ததால் பிழைத்தது, கப்பலில் இருந்த மற்ற மூன்று சினூக்குகளும் போயின. பிறகு இராக், ஆப்கானிஸ்தான் என்று சென்றது, அதில் பறந்த நான்கு விமானிகளுக்குச் சிறப்புப் பறப்புச் சிலுவை கிடைத்தது, 2022-இல் காஸ்ஃபோர்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கு வந்தது. இடையில் எத்தனையோ தடவை மேம்படுத்தினார்கள். எந்தப் பாகம் பழையது, எது புதியது என்று பலகையில் சொல்லிவிட்டால் பார்வையாளர் ஏமாறமாட்டார்.

கேள்வி: எங்கள் கல்லூரி வாசலில் ஒரு சேத்தக் நிற்கிறது. வெயிலில் நிறம் போய்விட்டது. நாங்களே வரலாறு தேட முடியுமா?

முடியும், நல்ல வேலை. சேத்தக் என்பது பிரெஞ்சு அலூயெட் 3, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) உரிமம் பெற்றுச் செய்தது. விமானப்படையினது என்றால் எண் இசட் எழுத்தில் தொடங்கும், கடற்படையினது என்றால் ஐஎன் எழுத்துகள் இருக்கும். கதவு, என்ஜின், வால் சுழலி எல்லாவற்றிலும் தனித்தனித் தகடு உண்டு. ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், எந்தப் பாகம் என்று ஒரு சீட்டில் எழுதிப் படத்துக்குள்ளேயே வையுங்கள். பிறகு கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு, ஹெலிகாப்டரைக் கொடுத்த படைப்பிரிவுக்கு எழுதுங்கள். கொடுத்த தேதியும் ஒப்படைப்புக் கடிதமும் உங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருக்கும், முதலில் அந்தக் கோப்பைக் கேளுங்கள்.