மாஸ்டர் போனால் ஷேடு யார் பிடிப்பது?

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறேன். 24 ஆண்டுகளாக எங்களிடம் இருக்கும் டையிங் மாஸ்டர் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார். தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொல்லி நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் நான்கு பக்கம்தான் எழுதியிருக்கிறார். அதிலும் சாய கம்பெனியின் செய்முறை அட்டையில் இருப்பதுதான் இருக்கிறது. வேண்டுமென்றே மறைக்கிறாரா?

பதில்: மறைக்கவில்லை என்றே தோன்றுகிறது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் என்றால் 60 டிகிரி, டர்க்காய்ஸ் என்றால் 80 என்பதையெல்லாம் யாரும் எழுதிவிடலாம். அவருடைய மதிப்பு அட்டை பொய்க்கும் நாளில் தெரியும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் உப்புக்கரைசலில் காரம் மிஞ்சியிருந்தால், சோடா போடும் முன்பே சாயம் பிடித்துத் துணி திட்டுத்திட்டாகிவிடும். பிளீச்சிங்கில் பெராக்சைடு தங்கிவிட்டால் ஷேடு வெளிறும். அவர் பாத்தை (தொட்டியில் உள்ள சாயக் கரைசலை) பார்த்ததுமே, காரத்தைத் தணிக்க ஆசிட் எடுத்துவரச் சொல்வார். நோட்டைத் திறந்து உட்கார்ந்தால் அது நினைவுக்கு வராது. வேலை நடக்கும்போதுதான் வரும்.

ஆகவே நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லாட் கார்டிலும் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணியோடு பிரிவு பிரிவாகப் போகும் சீட்டு) இரண்டு கட்டம் சேருங்கள்: அட்டையிலிருந்து எதை மாற்றினார், எதைப் பார்த்து மாற்றினார். எழுத வேண்டியவர் சூப்பர்வைசர். மாஸ்டர் சொன்னால் போதும். "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். எதையும் மாற்றாத லாட்டுக்கு ஒரு கோடு போட்டால் போதும். கட்டம் காலியாக இருக்கும் கார்டை மட்டும் அடுத்த பிரிவு வாங்கக் கூடாது.

நிறத்தைச் சொல்லில் பிடிக்க முடியாது. லேப் டிப் (ஆய்வகத்தில் சாயமேற்றிப் பார்த்த மாதிரித் துணி), முதலில் வெட்டிய சாம்பிள், டாப்பிங்குக்குப் (நிறத்தைச் சரிசெய்யக் கூடுதல் சாயம் சேர்ப்பது) பின் வந்த துணி ஆகிய மூன்றையும் கார்டிலேயே பின் அடியுங்கள். தேதி வாரியாக அடுக்காதீர்கள். இரவு ஷிப்டில் இரண்டு மணிக்குத் தேடுபவர் "போன மாதம் 14-ஆம் தேதி" என்று தேடமாட்டார், "நேவி" என்றுதான் தேடுவார்.

இதிலும் அகப்படாத ஒன்று உண்டு, கைப்பழக்கம். ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 1980-களில் வீட்டு பிரெட் மெஷின் செய்தபோது மாவு சரியாகப் பிசையப்படவில்லை. இகுகோ தனகா என்ற மென்பொருள் பொறியாளர் ஒசாகா ஓட்டல் ஒன்றின் ரொட்டி மாஸ்டரிடம் பயிற்சி பெற்றார். மாவை முறுக்கிக்கொண்டே இழுக்கிறார் என்பதை அங்கேதான் கண்டார். உங்கள் மாஸ்டருக்கும் இப்படி ஒருவரை அமர்த்துங்கள். கடைசி ஆறு வாரம் உதவியாளர் முடிவெடுக்கட்டும். லாட் கெடப்போகிறது என்றால் மட்டும் மாஸ்டர் வாயைத் திறக்கட்டும். அவர் குறுக்கிட்ட கார்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்களுக்கு வேண்டிய புத்தகம் அதுதான்.

இதற்கெல்லாம் முன்னால் சம்பளப் பேச்சை முடித்துவிடுங்கள். தனக்குத் தெரிந்ததுதான் தன் மரியாதை என்று 24 ஆண்டுகள் இருந்தவரிடம் அதை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை. ஓய்வுக்குப் பின் ஓராண்டு, மாதம் இரண்டு நாள் ஆலோசனைக்கு வரச் சொல்லி, தொகையையும் இப்போதே சொல்லுங்கள்.

ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் வைத்திருந்தால், அதன் 2015 பதிப்பில் 7.1.6-ஆம் பிரிவு நிறுவன அறிவைப் பேணச் சொல்கிறது. தணிக்கையாளரிடம் இந்தக் கார்டுகளைக் காட்டலாம். இப்போதைக்கு மென்பொருள் வாங்க வேண்டாம். கார்டுகளை மட்டும் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆவியிலும் வெளிச்சத்திலும் சாம்பிள் நிறம் மாறிவிடும். மூடிய இரும்பு அலமாரி நல்லது.