விஏவில் (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை) சக ஆதரவு: சிறுபான்மை முன்னாள் படைவீரர்களின் மனநலம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் இருந்த என் மைத்துனருக்கு விஏவில் சைக்காலஜிஸ்ட் இருக்கிறார். பியர் ஸ்பெஷலிஸ்ட்டையும் பார்க்கச் சொல்கிறார்கள். அவர் யார்?

பதில்: சக ஆதரவுத் துணைவர். படையில் இருந்தவர், மனநலச் சிக்கலிலிருந்து மீண்டவர் அல்லது மீண்டு வருபவர், சான்றிதழ் பெற்றவர். மூன்றும் சட்டத்திலேயே உள்ள தகுதிகள். நோயைக் கணிக்க மாட்டார், மருந்து எழுத மாட்டார். பிடிஎஸ்டிக்கான (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை வழக்கமாக 12 அமர்வு, வீட்டில் எழுதும் வேலையும் உண்டு. 'இனி போகமாட்டேன்' என்று தோன்றும் வாரத்தில் பேச ஆள் வேண்டுமே, அங்கேதான் இவர் பயன். முதன்மை மருத்துவக் குழுவிடமோ மனநலப் பிரிவிடமோ 'பியர் சப்போர்ட் கன்சல்ட் போடுங்கள்' என்று கேட்டால் போதும்.

கேள்வி: அவரிடம் சொல்வது வெளியே போகாதா?

பதில்: விஏ ஊழியர் என்பதால் சந்திப்புக் குறிப்பை மருத்துவக் கோப்பில் எழுதுவார். சிகிச்சைக் குழு படிக்கும். ஆகவே முதல் சந்திப்பிலேயே 'எதை எழுதுவீர்கள்?' என்று கேட்டுவிடுங்கள். விஏ மருத்துவக் கோப்பே வேண்டாம் என்பவர்களுக்கு வெட் சென்டர் என்ற ஆலோசனை மையம். 1979இல் தொடங்கியது, கட்டணமில்லை, விஏவில் பதிவு தேவையில்லை, அதன் பதிவேடும் தனி. உயிருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர ஒப்புதல் இல்லாமல் பகிர மாட்டார்கள்.

கேள்வி: கறுப்பினத்தவருக்குக் கறுப்பினத் துணைவர்தான் வேண்டுமா? படையில் எல்லாருக்கும் ஒரே நிறம், சீருடையின் பச்சை என்பார்களே.

பதில்: அந்தப் பச்சைப் பேச்சு பேசுபவருக்கு வசதி, கேட்பவருக்கு அல்ல. படையில் இனப்பிரிவினையை முடிக்கும் ஆணை 1948இல்தான் வந்தது. ஓரினச்சேர்க்கையாளர் என்று தெரிந்தால் வெளியேற்றும் கொள்கை 2011 வரை இருந்தது. அதற்கெல்லாம் உள்ளே வாழ்ந்தவரிடம் 'நாம் எல்லாரும் ஒன்று' என்று தொடங்கினால், அவர் வாய் மூடிக்கொள்வார்.

ஆனால் இனம் மட்டும் பார்த்து ஆளைப் பொருத்துவதும் தப்பு. வியட்நாம் காலத்துக் கறுப்பின வீரருக்கு, ஆப்கானிஸ்தான் போன கறுப்பின இளைஞரைவிட அவர் காலத்து வேறு இனத்தவர் நெருக்கமாக இருக்கலாம். படைப்பிரிவு, காலம், பால், இனம், போர் அனுபவம், பாலியல் வன்முறை அனுபவம் என்று ஆறையும் எழுதி, விட்டுக்கொடுக்க முடியாத இரண்டை அவரையே வட்டமிடச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் துணைவர்கள் சிலரே, ஆறும் பொருந்த ஆள் கிடைக்காது. நேரில் இல்லாவிட்டால் வீடியோ சந்திப்பு கேளுங்கள். பெண்களுக்குப் பெண் துணைவரைக் கேட்கும் வழக்கம் தனியே உண்டு; 2018 விஏ மிஷன் சட்டத்திலும் அது பேசப்படுகிறது.

குழு என்றால் இன்னொரு கணக்கு. பத்துப் பேரில் ஒரே ஒருவர் சிறுபான்மையினர் என்றால், குழு அவரைப் பாடம் நடத்தும் ஆசிரியராக்கிவிடும். இரண்டு பேராவது வேண்டும். பாகுபாடும் இங்கே பேசக்கூடிய விஷயம்தான் என்று நடத்துபவர் முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் தொடங்க மாட்டார்கள்.

கேள்வி: இதுவே பிரிவினை இல்லையா? நான் படையில் இருபது வருடம்...

பதில்: உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. துணைவரைத் தேர்ந்தெடுப்பது உங்களுக்காக அல்ல, அவருக்காக. இதோடு விடுவோம்.

கேள்வி: பூர்வகுடி வீரருக்குக் கட்டணம்?

பதில்: தகுதியுள்ள அமெரிக்க இந்தியர், அலாஸ்கா பூர்வகுடியினருக்கு 2022 ஜனவரி 5 முதல் விஏவில் பங்குக் கட்டணம் (சிகிச்சைச் செலவில் நோயாளி கட்டும் பங்கு) விலக்கு. பழங்குடி ஆவணத்தைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 'அதர் தேன் ஹானரபிள்' (மதிப்புக் குறைந்த வகை விலக்கல்) என்று படையிலிருந்து அனுப்பப்பட்டவர் விஏ பக்கமே போக முடியாதாமே?

பதில்: போகலாம். 100 நாளுக்கு மேல் பணியாற்றிப் போர்ப் பணியிலும் இருந்திருந்தாலோ, படையில் பாலியல் வன்முறை நேர்ந்திருந்தாலோ மனநலச் சிகிச்சைக்கு வழி உண்டு. இதற்கிடையே விலக்கல் வகையை மாற்ற டிடி 293 படிவம். படையிலிருந்து விலக்கப்பட்டு 15 ஆண்டு கடந்திருந்தால் டிடி 149. பிடிஎஸ்டி இருந்தால் தாராளமாகப் பரிசீலிக்க பாதுகாப்புத் துறையின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. மருத்துவ ஆதாரம் இணைக்காமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: துணைவரிடம் சொல்வது ரகசியமா?

பதில்: மேலே இரண்டாவது பதில். கோப்பில் போகும்.

கேள்வி: இரவில் நிலை மோசமானால்?

பதில்: படைவீரர் நெருக்கடி உதவி எண்: 988ஐ அழைத்து, பிறகு 1 அழுத்துங்கள். குறுஞ்செய்திக்கு 838255. தகுதியுள்ளவருக்கு, விஏவில் பதிவில்லாவிட்டாலும், தற்கொலை நெருக்கடிக்கான அவசரச் சிகிச்சை 2023 ஜனவரி முதல் இலவசம்: உள்நோயாளியாக 30 நாள், வெளிநோயாளியாக 90 நாள் வரை. துணைவரின் கைபேசியை நம்பிக் காத்திருக்காதீர்கள், அவர் வேலை நேரத்துக்குத்தான்.

கேள்வி: வெட் சென்டரிலும் கோப்பு எழுதுவார்களா?

பதில்: எழுதுவார்கள், ஆனால் தனியாக. இரண்டாவது பதில்.