சீசன் நடுவே நிறுத்தலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் டெக்சஸில், டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். சைவக் குடும்பம். மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்தோம், அதிலிருந்து சியர்லீடிங்குக்குப் போனாள். இப்போது ஒரு தனியார் ஜிம்மின் போட்டிக் குழுவில் லெவல் 4 ஃப்ளையர். வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் பயிற்சி. ஞாயிறும் உண்டு. அது போக ஒரு மணி நேரம் தனியாகக் கரணம் போடுகிற டம்ப்ளிங் வகுப்பு. இரவு ஒன்பதரைக்கு வந்து ஹோம்வொர்க் முடித்துப் படுக்கப் பன்னிரண்டரை ஆகிறது. எப்போதும் ஏ வாங்குகிறவள் இந்த முறை ஜியோமெட்ரியிலும் பயாலஜியிலும் சி. இடது மணிக்கட்டு வலிக்கிறது, டேப் சுற்றிக்கொண்டு போகிறாள். "குதிச்சுக் கை தட்டுறதெல்லாம் ஒரு விளையாட்டா? நாளைக்கே நிறுத்து" என்கிறார் என் கணவர். அவள் அழுகிறாள். கோச்சோ இரண்டாவது குழுவிலும் சேரச் சொல்கிறார். எட்டு வயது மகன் ஜிம் லாபியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் மாமியார், பேத்தி முகத்தையே பார்க்க முடியவில்லை என்று வருத்தப்படுகிறார். இங்கே நண்பர்கள் சேர்ந்து பொங்கல் வைத்த அன்றுகூட நாங்கள் ஹூஸ்டனில் போட்டியில் இருந்தோம். நிறுத்திவிடுவதா, தொடர விடுவதா? இன்னொன்று, மூன்று மாதமாக அவளுக்குப் பீரியட்ஸ் வரவில்லை. குழுவில் நிறையப் பேருக்கு அப்படித்தான் என்கிறாள்.
- ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் நாள் தள்ளிப்போவது சகஜம்தான். ஆனால் 90 நாளைத் தாண்டிவிட்டால், அது ஒரே ஒரு முறை என்றாலும், காரணம் பார்க்க வேண்டும் என்பதுதான் மகளிர் மருத்துவர்கள் பின்பற்றும் விதி. "நிறையப் பேருக்கு அப்படித்தான்" என்று அவள் சொல்வது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்தக் குழுவில் பல பிள்ளைகள் போதுமான அளவு சாப்பிடுவதில்லையோ என்ற கவலைதான் வருகிறது.

தைராய்டு, பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பைக் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். டாக்டர் அதையெல்லாம் பார்ப்பார். ஆனால் கடுமையாகப் பயிற்சி செய்கிற பெண் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிற ஒன்று உண்டு. உடல் செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போவதில்லை. அப்போது உடம்பு தானாகவே சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். முதலில் மாதவிடாய் நிற்கும், அப்புறம் எலும்பு மெலியும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவக் குழு 2014-ல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. மகள் வேண்டுமென்று பட்டினி கிடந்தால்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள். பள்ளியில் பதினொன்றரைக்கு ஒரு சாண்ட்விச், அப்புறம் இரவு பத்து மணிக்கு அரைத் தூக்கத்தில் இரண்டு தோசை என்று ஓடினாலே போதும். எலும்பு உறுதியாகிற வயது இது. இப்போது விட்டால் இருபது வயதில் ஈடுகட்டுவது கஷ்டம்.

டாக்டர் உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசுவார். அமெரிக்காவில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது வழக்கம். முகம் சுளிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள், உங்களிடம் சொல்லத் தயங்குவதை அங்கே சொல்வாள். இரும்புச் சத்து, வைட்டமின் டி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். சைவம் சாப்பிடும் பெண் பிள்ளைக்கு இரண்டுமே குறையலாம். மணிக்கட்டையும் அன்றைக்கே காட்டுங்கள். டம்ப்ளிங்கில் ஒவ்வொரு முறையும் உடல் எடை முழுவதும் கையில்தான் இறங்குகிறது. 14 வயதில் மணிக்கட்டு எலும்பின் நுனி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம், அந்த வளரும் பகுதி நோகும்போது டேப் வலியை மறைக்குமே தவிர ஆற்றாது.

பயிற்சிக்கு முன்னால் சாப்பாடு வண்டியிலேயே நடக்கட்டும். தயிர் சாதம், பனீர் வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, சுண்டல், கடலை உருண்டை, எது இறங்குமோ அது. ஃப்ளையர் என்றால் மற்றவர்கள் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிக்கிற பிள்ளை. அதனாலேயே "லைட்டா இரு" என்ற பேச்சு அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். யாராவது எடையைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கோச்சே சொல்லியிருந்தால், அந்த ஜிம்மில் அடுத்த வருடம் பணம் கட்டுவதற்கு முன்னால் நிறைய யோசிக்க வேண்டும். வீட்டிலும் யாரும் அவள் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. "இப்படி இளைச்சுப் போயிட்டியே" என்று பாட்டி பாசத்தோடு சொல்வதுகூட இப்போது வேண்டாம்.

சரி, உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் மனதில் இருப்பது மைதான ஓரத்தில் பாம்பாம் ஆட்டுகிற காட்சி. மகள் செய்வது வேறு. இரண்டரை நிமிடத்துக்குள் டம்ப்ளிங், ஜம்ப், ஆளைத் தூக்குகிற ஸ்டண்ட், பல ஸ்டண்டுகளை இணைக்கிற பிரமிட், நடனம் எல்லாம் வந்துபோகும், ஒரு கால் நழுவினால் மதிப்பெண் போகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2012-லேயே சியர்லீடிங்கை விளையாட்டாக அங்கீகரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. முக்கியக் காரணம், பிள்ளைகளுக்கு ஏற்படுகிற காயங்கள்தான். விளையாட்டு என்று பெயர் கொடுத்தால்தான் தகுதியுள்ள பயிற்சியாளர், மருத்துவ ஏற்பாடு, தலையில் அடிபட்டால் வெளியே உட்கார வைக்கும் விதி எல்லாம் வரும். 2021-ல் ஒலிம்பிக் கமிட்டியும் சர்வதேச சியர் சம்மேளனத்தை முழுமையாக அங்கீகரித்தது. இன்னொரு செய்தியும் அவரிடம் சொல்லுங்கள். 1948-ல் தேசிய சியர்லீடர்ஸ் அசோசியேஷனைத் தொடங்கிய லாரன்ஸ் ஹெர்கிமர் உங்கள் டல்லாஸில் படித்தவர்தான். மகள் போடுகிற 'ஹெர்கி' ஜம்ப் அவர் பெயரில் வந்தது.

அவள் ஏன் அழுகிறாள் என்பதும் அவருக்குப் புரிய வேண்டும். ஒரு நாள் பயிற்சியை அவர் போய்ப் பார்க்கட்டும். கீழே இரண்டு பிள்ளைகள் பேஸ், ஆளுக்கு ஒரு பாதத்தைத் தாங்குகிறார்கள். பின்னால் பேக்ஸ்பாட் நின்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்கிறாள். மேலே உங்கள் மகள். எத்தனையோ மாதம் ஒன்றாகப் பழகி, யார் கை எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று உடம்புக்கே தெரிந்துபோன கூட்டம் அது. ஃப்ளையர் வரவில்லை என்றால் மற்ற மூவரும் அன்று வெறுமனே நிற்க வேண்டியதுதான், பிரமிட்டிலும் ஓட்டை விழும். பல விளையாட்டுகளில் மாற்று ஆள் இறங்கலாம். இங்கே அவசரத்துக்கு ஒருத்தியை மேலே ஏற்றினால் யாராவது விழுந்து அடிபடுவார்கள். "நாளைக்கே நிறுத்து" என்று அப்பா சொல்லும்போது அவளுக்குக் கேட்பது, "உன் தோழிகளைக் கைவிட்டுவிடு" என்பதுதான். 14 வயதில் அதற்கு அழாத பிள்ளை உண்டா?

அதனால் என் யோசனை இது. டாக்டர் ஓய்வு வேண்டும் என்றால் அன்றே ஓய்வு, அதில் கோச்சுக்கோ போட்டி அட்டவணைக்கோ பேச்சே இல்லை. தலையில் அடிபட்டாலும் அப்படித்தான். அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது, டாக்டர் எழுத்தில் அனுமதி தந்த பிறகுதான் படிப்படியாகத் திரும்ப வேண்டும். டாக்டர் தொடரலாம் என்று சொன்னால், ஒப்புக்கொண்ட சீசனை அவள் முடிக்கட்டும். இன்னும் மூன்று மாதம்தான். தொடர்வதா விடுவதா என்ற கேள்வியை மே மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். அடுத்த வருடக் குழுவுக்கு ஆள் எடுக்கிற டிரைஅவுட் அப்போதுதான் வரும். யாரையும் கைவிடாமல் விலகவோ, குறைக்கவோ, தொடரவோ அவளால் முடிகிற நேரம் அது ஒன்றுதான்.

இரண்டாவது குழுவுக்கு மட்டும் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழந்தை மருத்துவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: வாரத்தில் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது, ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும், வருடத்தில் மொத்தமாக இரண்டு மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விலகி இருக்க வேண்டும். உங்கள் மகள் ஏற்கெனவே 13 மணி நேரத்தில் இருக்கிறாள். இன்னொரு குழு வந்தால் அது எங்கேயோ போய்விடும். கோச்சுக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள், அவள் வாயால் சொல்ல வைக்காதீர்கள். "மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இந்த வருடம் ஒரே குழு மட்டும்தான்" என்று இரண்டு வரி போதும். மணிக்கட்டு ஆறும் வரை தனி டம்ப்ளிங் வகுப்பையும் நிறுத்தி வையுங்கள்.

அப்புறம் தூக்கம். 13 வயதிலிருந்து 18 வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பன்னிரண்டரைக்குப் படுத்துப் பள்ளிக்கு எழுகிற பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்? இரண்டு சி-யும் அவள் புத்தியில் வந்த குறை இல்லை, தூக்கத்தில் வந்த குறை. பள்ளி விட்டு பயிற்சி தொடங்கும் வரை இருக்கிற நேரத்தில் ஜியோமெட்ரியை மட்டுமாவது முடித்துவிட வேண்டும், கணக்கை இரவு பத்து மணிக்குத் தொடக் கூடாது. பதினொன்றுக்கு விளக்கு அணைய வேண்டும், எழுதாத பாடம் எழுதாததாகவே இருக்கட்டும். ஒன்றிரண்டு அசைன்மென்ட் தாமதமானால் டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லலாம். பயிற்சி வீடியோ வருகிற குரூப் சாட் அந்த நேரத்தில் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும்.

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. டெக்சஸில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணே ரேங்க் கணக்கில் ஏறத் தொடங்குகிறது. ஆஸ்டினில் இருக்கிற டெக்சஸ் பல்கலைக்கழகம் தானாக இடம் கொடுக்கிற வரம்பும் வகுப்பின் முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பயத்தை வைத்து இப்போதே ஒரு வேலை செய்யலாம். பத்தாம் வகுப்புக்கான பாடத் தேர்வு பல பள்ளிகளில் இந்தக் குளிர்காலத்திலேயே நடக்கும், அதாவது டிரைஅவுட்டுக்கு முன்னாலேயே. ஏ.பி., ஆனர்ஸ் என்று நான்கு கடினமான பாடங்களை அதில் டிக் செய்துவிட்டு மே மாதம் குழுவிலும் கையெழுத்துப் போட்டால் அடுத்த பிப்ரவரியும் இதே பிப்ரவரிதான். பள்ளிக் கவுன்சிலரைப் பார்த்து இரண்டு விஷயம் கேளுங்கள். வெளியே ஜிம்மில் செய்கிற பயிற்சியையே உடற்கல்விப் பாடமாக ஏற்கிற 'ஆஃப் கேம்பஸ் பி.ஈ.' ஏற்பாடு டெக்சஸில் உண்டு. அந்த ஜிம்முக்குப் பள்ளி மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் இருந்தால் பள்ளி நேரத்தில் ஒரு பீரியட் மிச்சமாகலாம். இன்னொன்று, தனியார் ஜிம் போட்டிக்காக எடுக்கிற வெள்ளிக்கிழமை லீவு எந்தக் கணக்கில் போகிறது என்பது. 90 சதவீத வருகை இல்லை என்றால் அந்தப் பாடத்துக்கு கிரெடிட் கிடைப்பதே சிக்கலாகும்.

மே மாதம் நீங்கள் நால்வரும் உட்கார்ந்து பேசும்போது 'இதே குழு அல்லது ஒன்றுமே இல்லை' என்று வைத்துக்கொள்ள வேண்டாம். பல ஜிம்களில் 'ப்ரெப்' குழு உண்டு. பயிற்சி நாளும் குறைவு, போட்டியும் குறைவு, செலவும் குறைவு. பள்ளியின் சியர் குழுவில் சேரலாம், வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்கு வேலை இருக்கும். அங்கே 1984-லிருந்து இருக்கிற 'பாஸ் இல்லையென்றால் ஆட்டம் இல்லை' சட்டம் பொருந்தும். மதிப்பெண் 70-க்குக் கீழே போனால் பள்ளியே உட்கார வைத்துவிடும், நீங்கள் கத்த வேண்டியதில்லை. தனியார் ஜிம்முக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, அங்கே கட்டுப்பாடு நீங்கள்தான். கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். முடிவு எதுவானாலும், அட்டவணை வந்ததும் குடும்ப நாட்களைக் காலண்டரில் குறித்து அந்த வாரமே கோச்சிடம் கொடுங்கள். தீபாவளி பெரும்பாலும் போட்டிகள் சூடு பிடிப்பதற்கு முன்பே வந்துவிடும். மாட்டிக்கொள்வது பொங்கல்தான். ஆகஸ்டில் கேட்டால் கிடைக்கிற லீவு ஜனவரியில் கேட்டால் கிடைக்காது.

உங்கள் மகனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். எட்டு வயதில் அக்காவின் பயிற்சிக்காக வாரம் நான்கு மாலை லாபி நாற்காலியில் உட்காருகிற பிள்ளை அவன், அவனுக்கென்று எதுவுமே இந்த ஏற்பாட்டில் இல்லை. அதே பக்கம் இருக்கிற இன்னொரு அம்மாவோடு கார்பூல் பேசுங்கள். வாரம் ஒரு நாள் அப்பா ஓட்டட்டும். நிறுத்தச் சொல்கிற உரிமை அவருக்கு உண்டு என்றால் ஓட்டுகிற கடமையும் உண்டு. ஒன்றரை மணி நேரம் அந்த வாசலில் நின்றால் அவர் பேச்சும் கொஞ்சம் மாறும். மிச்சமாகிற மாலைகளில் நீங்களும் மகனும் பாட்டியும் வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுங்கள்.

பக்கத்திலேயே ஒரு போட்டி நடந்து, அவள் குழு அதில் இறங்குகிறது என்றால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். விமானமும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம். மேடையில் ஒரே மாதிரி ரிப்பன் கட்டிய பிள்ளைகள் இருபது பேர் நிற்பார்கள், யார் நம் பேத்தி என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டரை நிமிடம் ஓடிவிடும். அதனால் எந்தப் பக்கம் நிற்பாள், எப்போது மேலே ஏறுவாள் என்பதை முந்தின நாளே மகளை விட்டுப் பாட்டிக்கு வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், பஞ்சு எடுத்துப் போங்கள்.