சிகிச்சை எடுத்தால் குழந்தைக்குக் குறை வருமா? மகப்பேறு மருத்துவர் பதில்கள்

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, ஐ.வி.எஃப். மூலம் கரு தங்கியிருக்கிறது. இப்போது மூன்றாவது மாதம். 'டெஸ்ட் டியூப் குழந்தை ஊனமாகத்தான் பிறக்கும்' என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. – வாசகி, தஞ்சாவூர்

நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. அவர் சொன்னது தவறு. அபாயம் சற்றுக் கூடுவது உண்மைதான், ஆனால் எவ்வளவு, எதனால் என்று பார்க்க வேண்டும்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை அலசிய ஆய்வு 2012-ல் வெளியானது. சிகிச்சையில் உருவான குழந்தைகளில் 8.3 சதவீதம் பேருக்கும், இயல்பாக உருவானவர்களில் 5.8 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு பிறவிக் குறை இருந்தது. ஐந்து வயதுக்குள் கண்டுபிடித்த குறைகளையும் அங்கே கணக்கில் சேர்ப்பார்கள், அதனால்தான் எண் பெரிதாகத் தெரிகிறது. தாயின் வயது போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோது, சாதாரண ஐ.வி.எஃப்.-க்கும் இயல்பான கருவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் மட்டும் வித்தியாசம் நீடித்தது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது. குழந்தையின்மைப் பிரச்சினை இருந்து, சிகிச்சை இல்லாமலே கருத்தரித்த பெண்களின் குழந்தைகளுக்கும் அபாயம் கூடுதலாக இருந்தது. 2006-ல் வந்த டென்மார்க் ஆய்வும் இதையே சொன்னது: ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து இயல்பாகவே கருவுற்றவர்களுக்கும், சீக்கிரம் கருவுற்றவர்களைவிட அபாயம் சுமார் 20 சதவீதம் அதிகம். அதாவது 100-க்கு 5 என்பது 6 ஆகிறது. ஆக, எந்தக் காரணத்தால் கரு தங்கத் தாமதமானதோ, அதற்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் சிகிச்சைமேல் போடுவது நியாயமில்லை. சிகிச்சைக்குப் போன பெண்ணின்மேல் போடுவது கொடுமை.

கணவருக்கு விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. இக்சி செய்யச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. – வாசகி, மதுரை

ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்துவதுதான் இக்சி. உங்கள் கணவர் போன்றவர்களுக்காகவே வந்த முறை, எனவே உங்களுக்கு அது பொருத்தமானதே. ஆனால் தொடங்கும் முன் அவருக்குக் குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்யுங்கள். விடுபட்டிருந்தால், பிறக்கும் மகனுக்கும் அதே குறை போய்ச் சேரும். வளர்ந்த பிறகு அவனுக்கும் இதே பிரச்சினை வரலாம். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, தெரியாமல் போவது வேறு.

நம் ஊரில் மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் முடிந்த பிறகுதான் கணவரை அழைத்து வருகிறார்கள். இது மாற வேண்டும். அப்புறம், விந்தணு நன்றாக இருந்தும் இக்சி செய்யச் சொன்னால், 'எதற்காக?' என்று தயங்காமல் கேளுங்கள்.

பி.சி.ஓ.டி.-க்கு (சினைப்பை நீர்க்கட்டி), கருமுட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது தடை செய்யப்பட்ட மருந்து என்று படித்தேன். – வாசகி, சேலம்

பழைய செய்தி. 2005-ல் கனடாவில் நடந்த மாநாட்டில், சுமார் 150 குழந்தைகளை வைத்து, இந்த மாத்திரையால் பிறவிக் குறை வருமோ என்ற சந்தேகத்தை எழுப்பினார்கள். அடுத்த வருடமே 911 குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களின் குழந்தைகளுக்குக் குறைகள் கூடுதலாக இல்லை. இருந்தும் இந்தியாவில் 2011-ல் குழந்தையின்மை சிகிச்சைக்கு இதைத் தடை செய்தார்கள். 2017-ல் தடை நீங்கியது. ஏற்கெனவே கரு தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மருத்துவர் சொன்ன நாட்களில் மட்டும் சாப்பிடுங்கள்.

கணவர் என் சொந்தத் தாய்மாமன். ஐ.வி.எஃப். செய்தால் சொந்தத்தில் கட்டியதால் வரும் குறை வராதாமே? – வாசகி, தர்மபுரி

அப்படி இல்லை. கருமுட்டையும் விந்தணுவும் உங்கள் இருவருடையவைதானே. குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணு நோய் இருப்பது தெரிந்திருந்தால், கருவைப் பரிசோதித்து, அந்த நோய் இல்லாததைக் கருப்பையில் வைக்க முடியும். அதனால் முதலில் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். சிறு வயதில் இறந்த குழந்தைகள், காது கேளாதவர்கள் என உறவில் யாராவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கேன் எடுக்கும் டாக்டரிடம் ஐ.வி.எஃப். என்று சொல்ல வேண்டுமா? மாமியாரும் கூட வருவார், அவருக்குத் தெரியாது. – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

கட்டாயம் சொல்லுங்கள். மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சொன்னால் போதும். கருவை வைத்த தேதியிலிருந்து கணக்கிட்டால் வாரம் துல்லியமாகத் தெரியும். 11 முதல் 13 வாரத்தில் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன், இதோடு குழந்தையின் இதயத்துக்கு மட்டும் தனியாக எக்கோ எடுக்கவும் பரிந்துரைப்பார்கள். அது பெரும்பாலும் 22 வாரத்தை ஒட்டி இருக்கும். அந்தத் தேதியை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.