நெஞ்சு எக்ஸ்ரே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரிப்போர்ட்டில் ‘பிராங்கோவாஸ்குலர் மார்க்கிங்ஸ் அதிகம்’ என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இருமல்கூட இல்லை. நுரையீரல் கெட்டுவிட்டதா?

நுரையீரலுக்குள் ஓடும் மூச்சுக்குழாய், ரத்தக்குழாய்களின் கோடுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த வரி பயமுறுத்தும் அளவுக்கு அதில் விஷயம் இருப்பதில்லை. மூச்சை அரைகுறையாக இழுத்து நின்றாலே ரத்தக்குழாய்கள் நெருங்கி, கோடுகள் அதிகமாகத் தெரியும். படத்தில் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேலே பின்பக்க விலா எலும்புகளை எண்ணிப் பாருங்கள். 9 அல்லது 10 தெரிந்தால் மூச்சு சரியாக இழுக்கப்பட்டிருக்கிறது. 7 என்றால் முதலில் படத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். புகைபிடிப்பவர், நாள்பட்ட சளி உள்ளவர் என்றால் மட்டும் மேற்கொண்டு பார்க்கலாம்.

கேள்வி: படுக்கையிலிருக்கும் அம்மாவுக்கு போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயம் பெரிதாக இருக்கிறதாம்.

நின்றபடி எடுக்கும்போது நெஞ்சு ஃபிலிமை ஒட்டியிருக்கும். கதிர் முதுகுப்பக்கம் சுமார் 180 செ.மீ. தூரத்திலிருந்து வரும். படுக்கையில் ஃபிலிம் முதுகுக்கு அடியில் இருக்கும், கதிர் முன்பக்கம் கிட்டத்திலிருந்து வரும். ஃபிலிமிலிருந்து விலகியிருக்கும் இதயம் உள்ளதைவிடப் பெரிதாக விழும். ‘இதய அகலம் நெஞ்சின் அகலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது’ என்ற கணக்கு நின்றெடுத்த படத்துக்கே பொருந்தும். மூச்சிரைப்போ கால்வீக்கமோ இருந்தால் எக்கோ (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட்) எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நிமோனியா. காய்ச்சல் விட்டு 10 நாளாகியும் எக்ஸ்ரேயில் நிழல் போகவில்லை. ஆன்டிபயாடிக்கை நீட்டிக்கலாமா?

நிழலுக்காக நீட்டிக்க வேண்டாம். உடம்பு தேறிய பிறகும் படம் தெளிய 6 வாரம் ஆகலாம். வயதானவர்களுக்கு இன்னும் கூடும். இடையில் அடிக்கடி எடுப்பது வீண். ஆனால் 50 வயது கடந்தவர், புகைபிடிப்பவர், இருமல் நிற்காதவர் ஆகியோர் 6 வாரம் கழித்துக் கட்டாயம் ஒருமுறை எடுக்க வேண்டும். மூச்சுக்குழாயை அடைக்கும் கட்டி, நிமோனியாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். அப்போதும் நிழல் அதே இடத்தில் நின்றால் சிடி ஸ்கேன். காய்ச்சல் திரும்பினாலோ, நெஞ்சுவலி கூடினாலோ 6 வாரம் காத்திருக்கக்கூடாது. நுரையீரல் உறையில் சீழ் கோத்திருக்கக்கூடும்.

கேள்வி: ‘காஸ்டோஃப்ரெனிக் கோணம் மழுங்கியிருக்கிறது’ என்றால்?

விலா எலும்பும் உதரவிதானமும் சேரும் கீழ் மூலைதான் அது. மழுங்கியிருந்தால் நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கலாம், பழைய தழும்பாகவும் இருக்கலாம். நின்றெடுத்த படத்தில் கோணம் மழுங்க சுமார் 200 மி.லி. நீர் வேண்டும், அதற்குக் குறைவானதையும் அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும்.

கேள்வி: எக்ஸ்ரே நார்மல். அப்புறம் ஏன் ஆஸ்துமா என்று இன்ஹேலர் தருகிறார்கள்?

ஆஸ்துமாவில் எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மல்தான். கண்டுபிடிப்பது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து இழுத்த பிறகு முதல் ஒரு நொடியில் ஊதும் காற்று 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் நோய்க்கு வலுவான ஆதாரம். இன்ஹேலர் பலன் தரவில்லை என்பவர்களில் பலர் இழுக்கும் முறையில்தான் தவறுகிறார்கள். அழுத்தும் வகை இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். 10 நொடி அடக்குங்கள். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டையிலேயே படியும். கை, மூச்சு ஒத்துவராதவர்களுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) நல்லது. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரலாம்.